நீரோடியிலிருந்து நேர் மேற்கே: பாய்ப்படகில் முதலில் எந்தப் பவளத்தீவு?

நீரோடிக் கடற்கரையில் நின்று நேர் மேற்கே ஒரு கோடு இழுத்தால், அது வேறு நிலம் எதையும் தொடாமல் லட்சத்தீவின் மினிக்காய்த் தீவில் போய் முட்டும். இரண்டு ஊரும் ஏறக்குறைய 8 டிகிரி 17 நிமிட வட அட்சரேகையில்தான் இருக்கின்றன. தமிழ்நாட்டுக் கரை முடிகிற இடம் எங்கள் ஊர். அடுத்த ஊர் பொழியூர், அது கேரளம். சின்ன வயதில் பாட்டா கையை நீட்டி, “அந்தா அங்க நேரே போனா தீவு” என்று சொல்லும்போது கதை என்றே நினைத்தேன். வரைபடத்தில் அளந்து பார்த்த பிறகுதான் அவர் விரல் எவ்வளவு சரியாக நீண்டிருந்தது என்று புரிந்தது.

இப்போது இதை எழுதக் காரணம் என் சித்தி மகன். கொச்சியில் வேலை பார்க்கிறான். பழைய 34 அடி ஃபைபர் பாய்ப்படகு ஒன்றை வாங்கி, போல்காட்டி மெரினாவில் கட்டிப் போட்டிருக்கிறான். பிப்ரவரியில் லட்சத்தீவுக்குப் போயே தீர வேண்டும் என்கிறான். “அண்ணா, கல்பேனிதான் பக்கம். அங்கேயே போவோம்” என்பான் ஒரு நாள். மறுநாள் பங்காரம் தீவின் படங்களைப் பார்த்துவிட்டு மனசு மாறிவிடும். நான் மினிக்காய் என்கிறேன். ஏன் என்பதைப் போனில் சொல்லி முடியவில்லை. அவனைப் போலவே பாய்ப்படகு வைத்துக்கொண்டு மேற்கே பார்த்து ஏங்குகிறவர்கள் இந்தக் கரையில் இன்னும் சிலர் இருக்கிறார்கள் என்பதால் எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

தூரத்தையும் அழகையும் வைத்துத்தான் எல்லாரும் தீவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எனக்கு அது தப்பாகப் படுகிறது. பவளத்தீவுக்குப் போகிற பாய்ப்படகுக்கு ஆபத்து பெரும்பாலும் நடுக்கடலில் இல்லை, கடைசி ஒரு மைலில் இருக்கிறது. ஆகவே எந்தத் தீவு என்று கேட்பதற்கு முன்னால், அந்தத் தீவின் வாயில் நாம் எத்தனை மணிக்கு நிற்போம், அப்போது சூரியன் எந்தப் பக்கம் இருக்கும் என்று கேட்க வேண்டும்.

காரணம் சொல்கிறேன். கடலுக்கு அடியில் கிடக்கும் பாறைத் திட்டை நம் ஆட்கள் ‘பார்’ என்பார்கள். லட்சத்தீவுக்காரர்களும் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள்: சுஹேலிப் பார், பெருமாள் பார். அங்கே பார் என்பது பவளம் கட்டிய வளையம். வளையத்துக்குள் ஆழம் குறைந்த காயல். நம்ம ஊர்க் காயல் மாதிரி கலங்கல் ஆற்றுத் தண்ணீர் இல்லை, அடிமணல் தெரிகிற உப்புத் தண்ணீர். வளையத்துக்கு வெளியே கடல் மளமளவென்று நூற்றுக்கணக்கான மீட்டருக்கு இறங்கிவிடும். உள்ளே போக வளையத்தில் ஓரிரு இடங்களில் மட்டுமே வாய் உண்டு. உள்ளே போன பிறகும் காயலில் ஆங்காங்கே பவளக் குன்றுகள் தண்ணீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே தலை தூக்கிக்கொண்டு நிற்கும். தம்பியின் படகின் ஏரா, அதாவது அடிக்கட்டை, தண்ணீருக்குள் 1.8 மீட்டர் இறங்குகிறது. ஜிபிஎஸ் வரைபடம் பொதுவான இடத்தைச் சொல்லும், ஒவ்வொரு குன்றையும் சொல்லாது. கண்தான் சொல்ல வேண்டும். கருநீலம் என்றால் ஆழம், வெளிர்பச்சை என்றால் மணல், பழுப்பு என்றால் பவளம். இந்த நிறமெல்லாம் தெரிய வேண்டுமானால் சூரியன் உயரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நம் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். எதிரே தாழ்வாக இருந்தால் தண்ணீர் முழுக்கத் தகரம் மாதிரி மின்னும். ஒன்றும் தெரியாது.

இதைப் படித்துக் கற்கவில்லை, பட்டுத்தான் கற்றேன். நண்பர் ஒருவரின் படகில் முதன்முதலாகக் கல்பேனிக்குப் போனோம். இரவு 11 மணிக்குக் கொச்சி அழிமுகம் தாண்டினோம். காற்று நன்றாக இருந்தது. இரண்டாம் நாள் விடியும்போது தென்னந்தலைகள் தெரிந்தன. எல்லாருக்கும் தூக்கமில்லை, கரை கண்ட சந்தோஷம் வேறு. தீவைச் சுற்றி மேற்குப் பக்கம் வந்து 8 மணிக்கே உள்ளே திரும்பினோம். நான் அணியத்தில், படகின் முன்முனையில், நின்றேன். சூரியன் நேர் எதிரே, பனை உயரம்கூட ஏறவில்லை. கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தும் எனக்குத் தெரிந்தது வெள்ளி மினுக்கம் மட்டும்தான். திடீரென்று படகு நின்றது. மோதல் என்றுகூடச் சொல்ல முடியாது, யாரோ கீழிருந்து பிடித்து நிறுத்தியது போல இருந்தது. அப்புறம் ஒரு கரகர சத்தம். அந்தச் சத்தம் கால் வழியாக ஏறி என் பல்லில் கேட்டது. எஞ்சினைப் பின்னால் தள்ளி வெளியே வந்துவிட்டோம், ஏராவில் பூச்சு உரிந்ததோடு போயிற்று. ஆனால் மதியம் நீந்திப் போய் அந்த இடத்தைப் பார்த்தேன். கொம்புப் பவளத்தில் என் முழங்கை நீளத்துக்கு ஒரு கிளை முறிந்து மணலில் கிடந்தது. முறிந்த முகம் மட்டும் பால் வெள்ளை. 1998, 2010, 2016, 2024 என்று கடல் சூடேறிய ஆண்டுகளில் எல்லாம் வெளிறி, தப்பி, மறுபடி வளர்ந்த பார் அது. சில மணி நேரம் பொறுக்க முடியாத நாங்கள் அதை முறித்துவிட்டோம். அந்த வெள்ளை இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

லட்சத்தீவின் பெரும்பாலான பவளத்தீவுகளில் நிலம் வளையத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது, காயல் மேற்கே இருக்கிறது. கிழக்கேயிருந்து போகிற நாம் முதலில் தென்னையைப் பார்ப்போம். வாய்க்குப் போக மேற்கே சுற்றிக் கிழக்கு நோக்கித் திரும்ப வேண்டும். அதாவது காலையில் நுழைந்தால் சூரியன் கண்ணில். நுழைய வேண்டியது மதியத்துக்குப் பிறகு. நம் கடிகாரத்துக்கும் தீவின் சூரியனுக்கும் இடைவெளி இருப்பதையும் மறக்கக் கூடாது. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது, தீவுகளோ 73 டிகிரியை ஒட்டி இருக்கின்றன. பிப்ரவரியில் அங்கே உச்சிவேளை ஏறக்குறைய 12:50. சூரியன் நன்றாக மேற்கே சாய 2 மணி ஆகும். 4 மணிக்கு மேல் ஒளி சரிந்துவிடும், குன்றுகளுக்கு நிழல் நீளும். ஆக மேற்கு வாய் உள்ள தீவுக்குக் கிடைப்பது நாளொன்றுக்கு இரண்டு, இரண்டரை மணி நேரம்தான்.

சரி, இந்தக் கணக்கோடு கல்பேனியைப் பார்ப்போம். கொச்சியிலிருந்து ஏறக்குறைய 155 கடல் மைல். 5 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 5 கடல் மைல் போனால் 31 மணி நேரம். காலை 6 மணிக்குக் கிளம்பினால் மறுநாள் மதியம் 1 மணிக்குத் தீவருகே இருப்போம். சுற்றி வர நேரம் சரியாக இருக்கும். ஒரே ஒரு இரவுதான் கடலில். புதிதாக ஓட்டுகிறவனுக்கு இது பெரிய வசதி, மறுக்கவில்லை. ஆனால் பிப்ரவரி, மார்ச்சில் காற்று அடிக்கடி செத்துப்போகும். 4 நாட் ஆனால் 39 மணி நேரம், இரவு 9 மணிக்குத் தீவின் முன் நிற்போம். அந்தப் பயத்தில் முந்தின நள்ளிரவே கிளம்பலாம் என்றால், இருட்டில் கொச்சி வாயில் மீன்படகுகளுக்கும் கப்பல்களுக்கும் இடையில் நுழைந்து வர வேண்டும். நாங்கள் அப்படித்தான் கிளம்பி, சீக்கிரம் போய்ச் சேர்ந்து, பொறுமை இழந்து மோதினோம். பக்கத்துத் தீவு என்பது உண்மைதான். பிந்தினால் சரிக்கட்ட இடம் குறைவு என்பதும் உண்மை.

மினிக்காய்க்கு எங்கள் ஊருக்குப் பக்கத்துத் துறையான விழிஞ்ஞத்திலிருந்து ஏறக்குறைய 235 கடல் மைல், இரண்டு இரவு. ஆனால் அதன் வாய்கள் வளையத்தின் வடபக்கம் இருக்கின்றன. வடகிழக்கில் ஒன்று, சாலு மகு என்பார்கள். வடமேற்கில் இன்னொன்று, கண்டிம்ம மகு. தெற்கு நோக்கி நுழைகிறோம் என்பதால் காலைச் சூரியன் இடக்கைப் பக்கம், மாலைச் சூரியன் வலக்கைப் பக்கம். கண்ணுக்கு நேரே தாழ்வாக ஒருபோதும் வராது. காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3 மணி வரை நுழையலாம், உச்சிவேளையில் முன்னால் கொஞ்சம் மினுங்கினாலும் சூரியன் உயரத்தில்தான் இருக்கும். ஐந்து மணி நேரம்! கல்பேனியைப் போல இரண்டு மடங்கு.

விடியற்காலை 6 மணிக்கு விழிஞ்ஞத்தை விட்டால், 5 நாட் வேகத்தில் மூன்றாம் நாள் காலை 5 மணிக்குத் தீவருகே இருப்போம். விடியக் காத்திருந்து, வெயில் ஏறட்டும் என்று பார்த்திருந்து, நிதானமாக 10:30க்கு உள்ளே போகலாம். வேகம் 4.5 ஆகக் குறைந்தாலும் காலை 10 மணிக்குப் போய்விடலாம். 4 நாட்டுக்கு இறங்கினால்தான் சாயங்காலம் ஆகி வெளியே ஓர் இரவு கிடக்க வேண்டி வரும். இன்னொன்று, அந்தக் கலங்கரை விளக்கம். 1885 முதல் எரிகிறது. 45 மீட்டருக்கு மேல் உயரம் என்பதால், தாழ்வான பாய்ப்படகின் தளத்திலிருந்தே 15 மைலுக்கு அப்பால் அதன் ஒளி எழும்பும். தென்னந்தலை தெரிவதற்குப் பல மணி நேரம் முன்னாலேயே தீவு இன்ன இடம் என்று கை நீட்டிச் சொல்லிவிடலாம். இரண்டு இரவு தூங்காத கண்ணுக்கு அந்த ஒளி எவ்வளவு ஆறுதல் என்பது அனுபவித்தால்தான் தெரியும்.

மினிக்காய் வழியில் இரண்டு விஷயத்துக்குப் பயப்பட வேண்டும். முதலாவது கப்பல்கள். செங்கடல் பக்கமிருந்து இலங்கையைச் சுற்றிப் போகிற பெருங்கப்பல்கள் மினிக்காய்க்கு வடக்கே ஒன்பது டிகிரிக் கால்வாய் வழியாக வந்து, நம் பாதையைக் குறுக்காக வெட்டித் தென்கிழக்கே போகின்றன. விழிஞ்ஞம் பெருந்துறைமுகம் 2025இல் முறைப்படி திறக்கப்பட்டதிலிருந்து இந்தப் பக்கமும் கூட்டம் கூடிவிட்டது. அடிவானத்தில் விளக்காகத் தெரிகிற கப்பல் அரை மணி நேரத்துக்குள் நம் மேல் வந்து நிற்கும். சுற்றியுள்ள கப்பல்களின் இடத்தைக் காட்டுகிற ஏஐஎஸ் கருவி இல்லாமல் இந்தப் பாதையில் போகவே வேண்டாம். கருவி இருந்தாலும் இரண்டாம் இரவில் ஒருவர் எப்போதும் விழித்திருக்க வேண்டும்.

இரண்டாவது நீரோட்டம். குளிர்காலத்தில் மேற்குக் கரையோரமாகத் தண்ணீர் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. அரை நாட் ஓட்டம் என்றால் அற்பமாகத் தோன்றும். நேர் மேற்கே சுக்கானைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிப் போனால் இரண்டு நாளில் 24 மைல் வடக்கே தள்ளப்பட்டிருப்போம், விளக்கின் ஒளிகூடத் தெரியாமல் போய்விடும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை இடம் குறித்துத் திருத்திக்கொண்டே போக வேண்டும். கரையில் மாதா கோயில் கோபுரத்தையும் மலையையும் ஒன்றுக்கொன்று நேர்படுத்திக் கணிச்சம் பார்த்து வளர்ந்த நமக்கு, பார்க்க ஒன்றுமே இல்லாத கடலில் இந்தக் குறிப்பேடுதான் கணிச்சம்.

பிந்திப் போய்ச் சேர்ந்தால் என்ன செய்வது? இதை முன்னாலேயே முடிவு செய்துவிட வேண்டும். களைத்த மனசு அந்த நேரத்தில் சரியான முடிவு எடுக்காது. மூன்று வழி உண்டு. மங்கலான ஒளியில் உள்ளே போய்ப் பார்ப்பது ஒன்று. என் கதையைச் சொல்லிவிட்டேன், அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. வளையத்துக்கு வெளியே நங்கூரம் போடுவது இன்னொன்று. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஒட்டிப் போனால் நங்கூரம் பவளத்தில்தான் விழும், கொஞ்சம் தள்ளினால் கயிறு எட்டாத ஆழம். இரவில் காற்று திரும்பினால் படகின் அமரம், அதாவது பின்பக்கம், பாரை நோக்கிப் போய்விடும். அதுவுமின்றி, பாறைப் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. நங்கூரத்தை அதன் மேல் போடுவது பழக்கம், பிழை என்று சொல்லித் தள்ளிவிடுகிற காரியம் இல்லை.

மிச்சம் இருப்பது வெளியே கிடப்பது. முன்பாயை எதிர்ப்பக்கம் இழுத்துக் கட்டி, சுக்கானைத் திருப்பிப் பூட்டி, படகைக் கிடத்திவிடுவது. மணிக்கு ஒரு மைல் அளவுக்கு மெல்ல மிதந்து போகும். எங்கே கிடத்துகிறோம் என்பது முக்கியம். வடகிழக்குக் காற்றில் தீவின் கிழக்கே கிடத்தினால் விடிவதற்குள் பார் மேல் ஏறிவிடுவோம். சுற்றி வந்து மேற்கே, ஐந்தாறு மைல் விலகிக் கிடத்த வேண்டும். இரவெல்லாம் மிதந்தாலும் தீவை விட்டு விலகித்தான் போவோம், விடிந்ததும் மூன்று, நான்கு மணி நேரத்தில் திரும்பி வந்துவிடலாம்.

என் மாமா இதைப் பாய்ப்படகில் கற்றவர் இல்லை. சின்னத்துறைக்காரர், ஆழ்கடல் விசைப்படகில் சுறாவுக்கும் சூரைக்கும் போனவர். 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல் அன்று அவர் கடலில் இருந்தார். எங்கள் தூத்தூர் வட்டாரத்தில் திரும்பி வராதவர்களின் வீடுகள் இன்னும் அப்படியே இருக்கின்றன, அதைப் பற்றி அவர் அதிகம் பேச மாட்டார். ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார். எஞ்சின் பாதி செத்த நிலையில் ஒரு ராத்திரி கல்பேனிக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள். தூரத்தில் விளக்கு வெளிச்சம். இளைஞர்கள் எல்லாம் கரைக்குப் போவோம், போவோம் என்று அழுதார்கள். மாமாவும் டிரைவரும் விடவில்லை. இருட்டில் ஒரு வெள்ளைக் கோடு எழும்பி எழும்பி அடங்குவதைக் காட்டினாராம். அதுதான் பார். தண்ணீரும் சோறும் இல்லாமல் இன்னும் ஒரு ராத்திரி கடலிலேயே கிடந்தார்கள். விடிந்ததும் தீவுக்காரர்களே சின்னப் படகில் வந்து, முன்னால் போய் வழிகாட்டி உள்ளே கூட்டிப் போய்க் கஞ்சி கொடுத்தார்கள். “மக்கா, முதல்ல பாரைக் கண்டுக்கோ. தென்னையை அப்புறம் பாக்கலாம்” என்பார். அந்தத் தீவுக்காரர்களை நினைத்தால் இன்றைக்கும் அவர் குரல் தழுதழுக்கும்.

பங்காரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கொச்சியிலிருந்து ஏறக்குறைய 240 கடல் மைல், தூரத்தில் மினிக்காய்க்கு இளைத்ததல்ல. பக்கத்து அகத்தியில் விமான நிலையம் இருக்கிறது. லீவு முடிந்தவர் பறந்து போக, இன்னொருவர் வந்து ஏற வசதி. படத்தில் பார்க்கிற அந்த நீலம் நிஜம்தான். ஆனால் வழியில் மற்றத் தீவுகளையும் பார்களையும் இரவில் விலக்கிக்கொண்டு போக வேண்டும். முதல் பயணத்துக்கு அது வேண்டாம், மூன்றாவதுக்கு வைத்துக்கொள்ளலாம். ஆளில்லாத சுஹேலியில் போய்த் தனியாகக் கிடக்கலாம் என்று தம்பி ஒரு கனவு வைத்திருக்கிறான். ஏதாவது ஆகிவிட்டால் கூப்பிட யாருமில்லாத இடத்துக்கு முதல் தடவையே போவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இந்தப் பாடெல்லாம் வேண்டாம், தீவைப் பார்த்தால் போதும் என்பவர்களுக்குக் கொச்சியிலிருந்து பயணிகள் கப்பல் இருக்கிறது. எங்கள் அம்மாவை அப்படித்தான் அழைத்துப்போக வேண்டும். பல தீவுகளில் அந்தப் பெரிய கப்பலும் பாருக்கு வெளியேதான் நிற்கும், ஆட்களை இறக்கிச் சின்னப் படகில்தான் உள்ளே கொண்டுபோவார்கள். எழுநூறு பேரைச் சுமக்கிற கப்பலே வாய்க்கு முன் நின்று மரியாதை செய்கிறது.

எந்தத் தீவாக இருந்தாலும் நுழைவு அனுமதி கையில் இல்லாமல் கயிற்றை அவிழ்க்கக் கூடாது. 1967ஆம் ஆண்டு விதிகளின்படி, தீவுக்காரர் அல்லாத இந்தியருக்கும் அனுமதி கட்டாயம். கொச்சி வெலிங்டன் தீவில் லட்சத்தீவு நிர்வாகத்தின் அலுவலகம் இருக்கிறது. படகின் பதிவு, ஆட்களின் பெயர்ப்பட்டியல் எல்லாவற்றையும் முன்கூட்டியே கொடுத்துப் பேச வேண்டும். தண்ணீரும் முழுக்க நாமே கொண்டுபோக வேண்டும். மணலுக்கடியில் மெல்லிய ஏடாக நிற்கிற நன்னீரும், 2011இல் மினிக்காயில் தொடங்கிய கடல்நீர் நன்னீராக்கும் ஆலையும்தான் அந்த மக்களுக்கு ஆதாரம். அதில் போய் நாம் குடம் நீட்டக் கூடாது. உள்ளே நங்கூரம் போடுமுன் சூரைப் படகுக்காரர்களிடம் இடம் கேளுங்கள். தூண்டிலுக்கு உயிர் இரைமீனை அவர்கள் அந்தக் காயலில்தான் பிடிக்கிறார்கள். அவர்களுடைய பேச்சு மஹல். ஆனாலும் மலையாளம் நன்றாகத் தெரியும், நமக்கும் எல்லைப் பிள்ளைகள் என்பதால் மலையாளம் வாயில் ஊறியது. தலைமுறை தலைமுறையாக உலகக் கப்பல்களில் வேலை பார்த்தவர்கள் அந்தத் தீவுக்காரர்கள். கடலில் வந்தவனைக் கரையில் நிற்க வைத்துப் பேச மாட்டார்கள்.

தம்பி கடைசியில் மினிக்காய்க்குச் சம்மதித்துவிட்டான். படகைக் கொச்சியிலிருந்து விழிஞ்ஞத்துக்குக் கொண்டுவருவதையே ஒத்திகையாக வைத்துக்கொள்கிறோம். கூசாமல் தண்ணீருக்குள் பார்க்கிற போலராய்டு கண்ணாடி மூன்று வாங்கியாயிற்று. பாய்மரத்தில் பாதி உயரம் ஏறி நின்று பார்க்க ஒரு கயிற்று ஏணியும் கட்டியிருக்கிறான். போன ஞாயிறு மாமாவிடம் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அணியத்துல நான் நிக்கேன்” என்றார். வயது 66. அவருக்கும் சேர்த்து நுழைவு அனுமதிக்கான போலீஸ் சான்றிதழ் வாங்க நாளை காலை கொல்லங்கோடு போகிறோம்.